பானைச்சாமி வழக்கு

பானைத் தலையோடு நின்ற சோளக்கொல்லைப் பொம்மையை மைனாக்கள் பானைச்சாமி என்று கும்பிட்டுவந்தன. ஒருநாள் சாமி தலையில் காக்கை எச்சமிட்டுவிட்டது. வழக்கு எருமையிடம் போனது.

"சாமி குத்தம் பண்ணிட்டான்! இவனைக் கொல்லையை விட்டே துரத்தணும்" என்றது மூத்த மைனா.

"எனக்கு அது வெறும் பானைங்க. பானைமேல எச்சம் போட்டா என்ன குத்தம்?" என்றது காக்கை.

எருமை வெகுநேரம் அசைபோட்டது. "நியாயந்தான். வெறும் பானைன்னா குத்தமில்லை. எல்லாரும் பார்க்க இன்னொரு தடவை போட்டுட்டுப் போகட்டும்."

மைனாக்கள் கண்ணை மூடிக்கொண்டன. காக்கை ஜம்மென்று பறந்துபோய்ப் பானைமேல் உட்கார்ந்தது. வாலைத் தூக்கும்போது தற்செயலாகக் குனிந்து பார்த்தது. சுண்ணாம்பில் வரைந்த இரண்டு பெரிய கண்கள். போன தடவை அவற்றை அது கவனிக்கவே இல்லை. மெல்ல வாலை இறக்கியது. பொம்மையின் தோளுக்கு நகர்ந்தது. அங்கிருந்து வேலிக்குத் தாவியது.

"என்னப்பா ஆச்சு?" என்றது எருமை.

"காலையிலிருந்தே வயிறு சரியில்லீங்க."

"குத்தம் ருசுவாயிடுச்சு" என்றது எருமை. "துரத்த வேணாம். நாளைக்குப் பூசையில இவனையும் சேர்த்துக்குங்க."