கோமாரி வந்த வழி

“உங்க மாட்டு முதுகுல கொக்கு உக்காருதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க அஞ்சலாட்சியம்மா!”

“உக்காருதே முசே! சொந்த வூடு மாதிரி உக்காருது.”

தெருவே ‘முசே’ என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடும் மாட்டு வைத்தியர் தொமினிக்குக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முத்தியால்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க மாடுகளுக்குக் கோமாரி நோய். ஏரிக் கொக்குதான் நோயைப் பரப்புகிறது என்று பெரிய துரையிடம் சவால் விட்டுவிட்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் காரைக்காலுக்கு மாற்றல். அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று, அவருக்கு நிச்சயித்திருந்த செசிலின் அப்பா வேறு முறுக்கிக்கொண்டு நின்றார்.

மனுஷர் சும்மாவும் இருக்கவில்லை. தினமும் கொட்டில் கொட்டிலாக நுழைந்து, ஒவ்வொரு மாட்டின் வாயையும் பிளந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அவர் பூட்ஸ் சத்தம் கேட்டாலே தெருவுக்கு ஒரு தைரியம். ஆனாலும் நோய் நின்றபாடில்லை. அஞ்சலாட்சியின் மாடு சிவப்பி மட்டும் நோய் அண்டாமல் கல்லுக்குண்டு மாதிரி நின்று அசை போட்டது!

“தண்ணி எங்கேர்ந்து எடுக்கறீங்க?”

“தெருக் கெணத்துலதான்.”

“புல்லு?”

“எல்லாரும் வாங்குற அதே புல்லுக்கட்டுதான்.”

“அப்போ உங்க கொட்டில்லதான் ஏதோ விசேஷம் இருக்கு. உள்ள வந்து பாக்கணும்.”

அஞ்சலாட்சி இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள்.

“அன்னிக்கே சொல்லித் திருப்பி அனுப்பினேனே முசே! மாட்டுத் தோலைக் கால்ல மாட்டிக்கினு மாட்டு முன்னாடி போய் நிக்கலாமா? வாயில்லா சீவன், மனசு ஒடிஞ்சிடாது? மத்தவங்க தொரைன்னு பயந்து உள்ள வுட்டாங்க. நான் வுடுவனா?”

தொமினிக்குக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“எங்க தாத்தா காலத்திலேர்ந்து நாங்க பூட்ஸ் போட்டு நடக்கற பிரெஞ்சுக் குடிமக்கள். பூட்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட நாங்க...”

பாதியில் நிறுத்தினார். மெல்லக் குனிந்து காலைப் பார்த்தார். பூட்ஸ் அடியில் அத்தனை கொட்டில் சாணியும் அடை அடையாக அப்பியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தவர், வயிறு குலுங்கச் சிரித்தபடி பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“சுண்ணாம்புத் தண்ணி கொண்டாங்க அஞ்சலாட்சியம்மா! நோயைப் பரப்புன கொக்கு மாட்டிக்கிச்சு.”

“எங்க முசே?” என்று அவள் வானத்தைப் பார்த்தாள்.

“மேல பாக்காதீங்க. இதோ, கீழ உக்காந்து பூட்ஸ் கழட்டுது பாருங்க!”