எலாதியோ ஆடாத அரையிறுதி

அவள் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள்.

குப்புறப் படுத்திருந்தவன் அசையவில்லை.

“வலிக்கிறதா?”

“இல்லை.”

கால்விரல்கள் மட்டும் உள்ளே சுருண்டன.

வலது தொடையின் பின்பக்கம், தசைக்குள் சிறிய கிழிசல். முழு வேகத்தில் ஒருமுறை ஓடினால் போதும், மொத்தமாகப் போய்விடும்.

வெளியே அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. சுவர் அதிர்ந்தது.

சான் தெல்மோ கிளப்புக்கு அது புரியாத ஆண்டு. ஸ்பெயின் லீக்கில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தோற்றார்கள். ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மன்காரர்களை வீழ்த்தினார்கள். இத்தாலிக்காரர்களை வீழ்த்தினார்கள். இன்று, வியாழக்கிழமை, அரையிறுதி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி லீக். அதில் தோற்றால் இரண்டாம் டிவிஷன்தான்.

எலாதியோ கேப்டன். முப்பத்தேழு வயது. இந்தத் துறைமுக ஊரில் பிறந்து, வேறெந்தக் கிளப்புக்கும் போகாதவன். ஐரோப்பிய அரையிறுதியை இப்போதுதான் பார்க்கிறான். இன்னொன்று வராது.

கதவு திறந்தது. பயிற்சியாளர் வாசலிலேயே நின்றார்.

“ஆடுவானா?”

எலாதியோ தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கிளப்பின் பிசியோதெரபிஸ்ட் அவள். அவள் சொன்னால் அதுதான்.

“இன்று வேண்டாம்.”

அவன் எழுந்தான். காலுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஆட்டம் முழுக்க அவளால் உட்கார முடியவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள்.

கடைசி நிமிடங்களில் எதிரணியின் கோல் விழுந்தது. சான் தெல்மோ கோப்பையிலிருந்து வெளியேறியது.

எலாதியோ துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கேமரா அவனை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலையில் பாரிஸிலிருந்து அம்மா அழைத்தாள். அம்மாவுக்குக் கால்பந்து தெரியாது. மகளைக் காட்டுவார்கள் என்று டிவி பார்த்தவள்.

“அந்தாளை விளையாட விட்டிருக்கலாமே பிள்ளை. முகத்தைப் பாக்கேலாமக் கிடந்தது.”

“கால் கிழிஞ்சிருக்கும் அம்மா.”

“கால் ஆறியிருக்கும்.”

அன்று துறைமுகம் வரை நடந்தாள். திரும்பினாள். மீண்டும் நடந்தாள். ரொட்டிக்கடைப் பெண் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. மீன்சந்தையில் யாரோ முதுகுக்குப் பின்னால் விசிலடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது பொய் சொல்லியிருக்குமோ?

ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், அவனை ஆட்டத்தில் இறக்கச் சம்மதித்தாள். ஓடக் கூடாது. நின்றுதான் ஆட வேண்டும்.

நின்றான்.

கார்னரிலிருந்து பந்து வந்தது. நின்ற இடத்திலிருந்தே எம்பி, தலையால் முட்டினான்.

அந்த ஒரு கோல். சான் தெல்மோ தப்பியது.

வளர்ந்த ஆண்கள் அரங்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்கள். பயிற்சியாளர் அவளைத் தூக்கிச் சுற்றினார். “நீ சொன்னதுதான் சரி!”

எலாதியோ ஒருவர் விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். அவளிடம் வந்ததும் தலையசைத்தான். கடந்து போனான்.

அதன்பின் மசாஜுக்கு வேறு ஆளிடம் போனான்.

ஐரோப்பிய இறுதிப்போட்டி அன்று ஊர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு இரண்டு அணிகள். கோடை வெளிச்சம் இன்னும் மங்காத நேரத்தில் ஒரு காபிக்காக, அதுவும் கிடைக்கும் மதுக்கடைக்குள் நுழைந்தாள்.

டிவிக்கு முன்னால் எலாதியோ தனியாக இருந்தான்.

அவள் வெளியேறத் திரும்பினாள்.

அவன் காலால் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

உட்கார்ந்தாள். காபி வந்தது. ஆறியது.

திரையில், தடுப்பு வீரர்களின் முதுகுக்குப் பின்னால் காலி இடத்தில் பந்து விழுந்தது. அதை எட்ட யாரும் இல்லை. உருண்டு வெளியே போனது.

“நான் எட்டியிருப்பேன்,” என்றான்.

அந்தத் தூரம். அந்த வேகம். அந்தத் தொடை. நன்றாக இருந்தபோதும் முடிந்திருக்காது. உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்கு அது தெரியும்.

“எட்டியிருப்பீர்கள்.”

அவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.