வடக்கு வரப்பு மாப்பிள்ளை

பெருச்சாளி ராஜா கொம்பையன் கிழக்கு வரப்பைச் சண்டை போட்டுப் பிடித்தார். மேற்கு வரப்பு ராஜாவின் ஒரே மகளைக் கட்டினார். மாமனார் கண்ணை மூடியதும் அந்த வரப்பும் அவருக்கே வந்தது. அடுத்து வடக்கு வரப்பின்மேல் கண் வைத்தார்.

தன் ஒரே மகள் பூவாயியிடம், “வடக்கு வரப்பு ராஜாவுக்கு உன்னைப் பேசியிருக்கேன்” என்றார்.

“ஐயோ அப்பா, அவருக்குப் பல்லெல்லாம் ஆடுதே!”

“அதனாலதாம்மா பேசினேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.”

“சரி, ஒரு தடவை அவரைப் பார்த்துட்டு வரேன்” என்று கிளம்பிய பூவாயி சாயங்காலம்தான் திரும்பினாள்.

“மாப்பிள்ளைக்கு உங்க மேல ரொம்ப அக்கறைப்பா. உங்க இருமல் முத்திடுச்சான்னு நாலு தடவை விசாரிச்சார்.”

கொம்பையன் அன்றே கல்யாணத்தை நிறுத்தினார்.

பகலெல்லாம் கடலைச் செடியடியில் தூங்கியதைப் பூவாயி யாரிடமும் சொல்லவில்லை.