திருப்பி அடித்த கால்

நெய்வேலியில், வக்கீல் கார்முகிலின் மேஜைக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் சரிதா. ஜன்னல் கம்பியில் படிந்த நிலக்கரித் தூசி காலை வெயிலில் பழுப்பாய் மினுங்குகிறது. சுரங்கத்தில் செத்துப்போன அவள் புருஷனிடம் அன்று பேசவேயில்லை, கூப்பிடாமலே வேலைக்கு வந்தான் என்று சாதிக்கிறான் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். "ஷிப்ட்டுக்குக் கூப்பிட மிஸ்டு கால்தானே குடுப்பான்? எடுக்காத கால் போன் கம்பெனி பதிவுல வராதேம்மா" என்று பேனாவை மூடுகிறார் வக்கீல். "அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு அவனுக்குத் திருப்பி போன் அடிச்சாருங்க. காய்ச்சல்னு கெஞ்சிக்கினு இருந்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்." வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது, அவள் திரும்பவில்லை. இரண்டு வருடம் முடிந்தால் போன் கம்பெனி பதிவை அழித்துவிடும். அதற்கு இன்னும் ஒன்பது நாள்தான். கோர்ட் மூலம் பதிவைக் கேட்கும் மனுவை இழுத்துவைத்து, "எத்தனை மணிக்கு?" என்கிறார் வக்கீல். "விடியக்காலம் அஞ்சு இருவதுங்க. எழுதுங்க சார். அப்புறமும் அவன் பேசலேன்னு சொல்லட்டும், பாக்கலாம்."