ஒரு நிமிட பேட்டரி

மேவிஸ் வீட்டு டிவி மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, தான் விற்ற பேட்டரிப் பெட்டியைத் தானே திட்டிக்கொண்டிருந்தான் டாரில். ஆஸ்திரேலியாவின் டல்லி ஊரில் பதினெட்டு வருஷமாகப் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். இதுவரை எந்தப் பெட்டியும் அவன் முகத்தில் கரி பூசியதில்லை. இது பூசிவிட்டது.

புகார் சொன்னது வாங்கிய மேவிஸ் இல்லை, அவள் பக்கத்து வீட்டுக்காரர் சால்வோ. நேற்று கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து நின்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

"எழுபத்தெட்டு வயசுக் கிழவியப் போய் ஏமாத்திட்டியேப்பா. கரண்ட் போனா வராந்தாவுல வந்து நின்னு, எந்த வீடு இருட்டோ அந்த வீட்டையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பேட்டரி வாங்கினதுக்கு அப்புறமும் நாலு தடவை அவளயும் கூப்பிட்டாச்சு. பெட்டி வித்தியா, டப்பா வித்தியா?"

வரிசையில் நின்ற இரண்டு பேர், யோசித்துச் சொல்கிறோம் என்று நழுவினார்கள். புயல் சீசன் வாசலில் நிற்கிறது. இந்தப் பேச்சு ஊரில் பரவினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெட்டி. மோடம், போன், டிவி, ஃபேன், ஒரு விளக்கு என்று மேவிஸ் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொன்றும் இழுக்கும் வாட்ஸைக் கூட்டிப் பார்த்து, ஐந்து மணி நேரம் தாங்குவதாகக் கொடுத்தான். ஃப்ரிட்ஜை மட்டும் இதில் சொருக வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லியும் அனுப்பினான். பணம் கட்டியது பெர்த்தில் இருக்கும் மகன். அம்மா இருட்டில் தனியாக உட்காரக் கூடாது என்பது அவன் கவலை.

"முதல் தடவை எப்படி ஓடுச்சு?" என்றான் டாரில், மேசைக்கு அடியிலிருந்தே.

"பிரமாதமா ஓடுச்சு. தெருவே இருட்டு, என் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜெகஜோதியா இருந்துச்சு" என்றாள் மேவிஸ். "தெருக்காரங்கல்லாம் சால்வோ வீட்டுக்குக் கீழ, தூணுங்களுக்கு நடுவுல கூடி, ஃப்ரீசர்ல இளகிப்போன இறாலையெல்லாம் சுட்டுத் தின்னாங்க. சிரிப்புச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நான் டிவி பாத்துட்டு இருந்தேன்."

அப்படியென்றால் பழுது அதற்குப் பிறகுதான். டாரில் பெட்டியின் சின்னத் திரையைத் தட்டினான். ஆறு வாரத்தில் கரண்ட் போனது ஐந்து முறை. முதல் முறை, கரண்ட் திரும்பி வரும்வரை, பேட்டரி நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது. அடுத்த நாலு முறையும் ஒரு நிமிடத்தில் நின்றிருக்கிறது. ஆனால் சார்ஜ் நூற்றுக்கு நூறு. செத்த பேட்டரி இப்படிக் காட்டாது.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தபோது மேவிஸ் மூன்றாவது டீயை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தனியாக இருப்பவர்கள் வந்தவரை அனுப்ப மனமில்லாமல் டீ போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையில் ஐந்து நாற்காலிகளின் மேல் பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன. யாரும் கேட்காத டிவி அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. பார்க்கவே அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு போய் நாளைக்கே புதிது கொண்டுவந்து வைப்பதாகச் சொன்னான்.

"புதுசெல்லாம் எதுக்குப்பா? இது நல்லாத்தான் இருக்கு."

தன் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாள் என்று டாரிலுக்குப் பட்டது. அவமானம் இன்னும் கூடியது.

அவன் பெட்டியைக் கழற்றுவதற்குள், சாயங்காலம் ஐந்து மணிக்கே வானம் கறுத்து, மழை தகரக் கூரையைப் போட்டு அடித்தது. எங்கோ பளீரென்று ஒரு மின்னல். தெரு முழுக்க விளக்குகள் அணைந்தன.

பெட்டி ஒருமுறை 'பீப்' என்றது. மேவிஸ் வீட்டு விளக்கு இமைக்கக்கூட இல்லை. ஃபேன் சுற்றியது, டிவி நிற்காமல் பேசியது. டாரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இருபது வினாடி. முப்பது. இன்னும் அரை நிமிடத்தில் திருடன் பிடிபட்டுவிடுவான்.

மேவிஸ் டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். முதலில் ஃப்ரீசரைத் திறந்து ஒரு பொட்டலம் இறாலை எடுத்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு டாரில் பக்கத்தில் வந்து குனிந்து, பெட்டியின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

டிவி பாதி வார்த்தையில் நின்றது. வீடு இருண்டது.

"மேவிஸ், என்ன பண்றீங்க?"

அவள் உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் வராந்தாக் கதவு திறக்கும் சத்தம். மழையைத் தாண்டிக்கொண்டு சால்வோவின் குரல் வந்தது.

"மேவிஸ், உனக்கும் போச்சா?"

பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் குரல் கொடுத்தாள்.

"போச்சு சால்வோ, இங்கயும் போச்சு!"