தூண்மேல் நிற்கும் விமானம்

நாற்சந்தியில், தூண்மேல் ஏற்றி நிறுத்திய பழைய போர் விமானம் ஒன்று இருந்தது. வருஷா வருஷம் விமானப்படைக்காரர்கள் வந்து அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்கள். அதன் எஞ்சினுக்குள் ஒரு மைனா கூடு கட்டியிருந்தது.

போர் நினைவு நாளன்று, சண்டையில் இறந்துபோன விமானி தேவசகாயத்தின் மனைவி வந்தார். தூணுக்கு மாலை சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“அன்னிக்கு மட்டும் உன்னை எடுத்துட்டுப் போயிருந்தா, அவர் திரும்பி வந்திருப்பாரு” என்று அழுதுவிட்டுப் போனார்.

“நிஜமாவா?” என்று கேட்டது மைனா.

“முதல்ல என்மேலதான் ஏறினாரு” என்றது விமானம். “என்ன பண்ணியும் என் எஞ்சின் கிளம்பலை. ‘பரவாயில்லடா, நாளைக்குப் போகலாம்’னு என் மூக்குல தட்டிட்டு, பக்கத்துல நின்ன விமானத்துல ஏறிப் போயிட்டாரு.”

“அப்புறம் ஏன் தூண்ல ‘களம் கண்ட வீர விமானம்’னு எழுதியிருக்காங்க?”

“களம் கண்டதெல்லாம் எரிஞ்சு போச்சு. மாலை போட முழுசா ஒண்ணு வேணும்ல?”