முகம் மட்டும் வெளியே

ஷாலினியின் கண்களின் மேல் ஹாஃபிஸா வெள்ளரித் துண்டுகளை அவசரமாக வைத்தாள்.

"மூச்சு மட்டும் விடு பிள்ள. வேற ஒண்ணும் செய்யாத."

அத்துடன் ஷாலினிக்கு உலகம் இருட்டிவிட்டது.

கழுத்திலிருந்து பாதம் வரை சேறு. முல்தானி மிட்டி, வேப்பிலைப் பொடி, கஸ்தூரி மஞ்சள், பன்னீர். எல்லாம் இயற்கை என்று அழகு நிலையத்தின் வாசலில் எழுதியே வைத்திருந்தார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் தாள், தாளுக்கு மேல் கனத்த கம்பளி. கைகள் இரண்டும் உள்ளே உடம்போடு ஒட்டிக் கிடந்தன. தலைமுடி தொப்பிக்குள். முகம் மட்டும்தான் வெளியே, அதிலும் விரல் கனத்துக்குப் பூச்சு.

செம்பூர்ப் பெண்கள் இந்தச் சுகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து இடம் பிடிக்கிறார்கள். வேறு யாருக்கோ குழைத்து வைத்திருந்த கிண்ணத்தை ஹாஃபிஸா ஷாலினிமேல் கவிழ்த்துவிட்டாள். ஓசியில் கிடைத்த சுகம்தான். யாருக்கு வேண்டும் இந்த ஓசி.

கீழே வாசலில் மாரிசெல்வத்தின் தலை தெரிந்தது என்று ஹாஃபிஸா சொன்னதும் இருவருக்கும் தோன்றிய ஒரே வழி இதுதான்.

மாரிசெல்வம் ஷாலினியின் தாய்மாமன். ஊரிலிருந்து வந்ததிலிருந்து தாராவி வீட்டில் சட்டமாக உட்கார்ந்திருந்தான். முறைமாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் இவளுக்கு எதற்கு வேலை என்பது அவன் பேச்சு. இன்று நாகர்கோவில் வண்டியில் அவளை ஏற்றிவிட வேண்டும், ஊர்க் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

ஷாலினிக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. பக்கத்தில் மைத்ரி பார்க் நிறுத்தத்தில் புனே பஸ் ஏறினால் தப்பித்துவிடலாம். சிநேகிதி ஹாஃபிஸாவிடம் ஒளித்து வைத்திருந்த பையை எடுக்க வந்த இடத்தில்தான் இப்படி மாட்டிக்கொண்டாள்.

வரவேற்பில் இருந்த பெண் இந்தியில் கத்துவது கேட்டது. உள்ளே பெண்கள் மட்டும்தான், ஆண்கள் ஓரடி வைக்கக் கூடாது. ஷாலினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. நீ போய்ப் பாருக்கா என்று மாமன் சொன்னான்.

அம்மாவையும் கூட்டி வந்திருக்கிறான்.

மாமன் கண்ணில் மண்ணைத் தூவலாம். அம்மா விஜயராணி கண்ணில் தூவியவர்கள் அந்தச் சந்தில் யாரும் கிடையாது. தம்பி என்றால் அவளுக்கு உயிர். அவனுக்கு வாக்குக் கொடுத்தவளே அவள்தான். நேற்று மாட்டேன் என்று சொன்னதற்கு, தம்பி பார்த்திருக்கவே மகளின் முடியைப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள். உச்சந்தலை இன்னும் வலித்தது.

கதவு திறந்தது. முதலில் கோடாலித் தைலத்தின் வாசம் வந்தது, பிறகு செருப்புச் சத்தம்.

கஸ்டமர் தூங்குகிறார் என்று ஹாஃபிஸா சொல்லிப் பார்த்தாள். அம்மா கத்தினால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம்.

செருப்பு கால்மாட்டில் நின்றது. மெதுவாகச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தது.

ஷாலினிக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. விரலைக்கூட மடக்க முடியவில்லை. நம்மை நாமே கட்டிப்போட்டு இவர்கள் கையில் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள். நெஞ்சு அடிக்கிற அடியில் தாள் சரசரக்குமோ என்று வேறு பயந்தாள். கழுத்து எரிந்தது. வியர்வைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அழக் கூடாது, அழக் கூடாது என்று சொல்லிக்கொள்ளும்போதே கண்ணீர் முட்டியது. வலது கண்ணின் வெள்ளரித் துண்டு வழுக்கிக் காதோரம் விழுந்தது.

இமையில் வெளிச்சம் பட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

முகத்துக்கு மேலே யாரோ குனிகிற மூச்சு. ஷாலினி தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். முடியைப் பிடிக்கப் போகிற கைக்காகக் காத்திருந்தாள்.

இரண்டு விரல்கள் விழுந்த துண்டை எடுத்தன. இமைமேல் திரும்ப வைத்தன.

செருப்புச் சத்தம் வாசல்வரை போய்ச் சற்று நின்றது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

வெளியே அம்மாவின் குரல் கட்டடத்துக்கே கேட்டது. உள்ளே எவளோ ஒரு சிந்திக்காரி எருமையாட்டம் சேற்றில் கிடக்கிறாளாம், பார்க்கவே சகிக்கவில்லையாம். கழுதை கல்யாணில் சித்தி வீட்டுக்குத்தான் போயிருக்கும், நின்று வேடிக்கை பார்க்காமல் ரயிலைப் பிடி என்று தம்பியை விரட்டினாள். படிகளில் இருவரும் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

ஷாலினி மூச்சை விட்டாள். தப்பித்துவிட்டோம் என்று உடம்பு முழுக்கச் சந்தோஷம். கூடவே, சொன்னால் வெட்கம், சின்னதாக ஒரு வருத்தமும் வந்தது. பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லையே.

ஹாஃபிஸா ஓடிவந்து கம்பளியை உருவினாள். தாளைக் கிழித்தாள். ஈரத்துணியை எடுத்து ஷாலினியின் கழுத்தையும் தோளையும் பரபரவென்று துடைத்தாள். அவர்கள்தான் போய்விட்டார்களே, பஸ்ஸுக்கும் நேரமிருக்கிறதே, இத்தனை அவசரம் எதற்கு என்று ஷாலினி கேட்டாள்.

ஹாஃபிஸா துடைப்பதை நிறுத்தவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உங்கம்மா போறப்ப என் காதுல சொல்லிட்டுப் போனாவ. மஞ்ச வாடை அடிக்கு, சீக்கிரம் கழுவிவிடுட்டி, அவளுக்கு ஆவாது, தோலு தடிச்சிரும்னு."